இருநூற்றுப் பன்னிரண்டு வரை

மொந்தெவிதேயோவில் ஜூலை என்றால் எலும்பு வரை குளிர்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மட்டும்
வருஷம் முழுக்கக் கோடை.
நோயாளிகள் விட்டுப்போகும் புத்தகங்கள்
முப்பது நாள் அலமாரியில் காத்திருக்கும்.
யாரும் கேட்டு வராவிட்டால் எனக்கு.
துணி உலர நாற்பது நிமிடம்.
நான் படித்ததெல்லாம்
நாற்பது நாற்பது நிமிடமாகப் படித்ததுதான்.

தளபதி ஒருவரின் வாழ்க்கை வரலாறு,
அறுநூறு பக்கம்.
பதினோரு போர், பதினொன்றிலும் வெற்றி,
எல்லாப் படத்திலும் வெள்ளைக் கால்சராய்.
துவைத்தது யார்?
ஒரு வரி இல்லை.
ரத்தக்கறைக்குப் பச்சைத் தண்ணீர்தான்,
வெந்நீர் பட்டால் ஆயுசுக்கும் போகாது.
இதுகூடத் தெரியாதவர்
போரைப் பற்றி என்ன எழுதிவிட முடியும்?

தேனீ வளர்ப்புக் கையேட்டை இரண்டு முறை படித்தேன்.
எனக்கு ஒரு பால்கனிகூடக் கிடையாது.
கூட்டைத் திறக்கும்போது
அதன்மேல் மூச்சு விடாதே என்கிறது ஒன்பதாம் பக்கம்.
மேற்பார்வையாளர் அறைக்குப் போகும்போதெல்லாம்
அப்படித்தான் செய்கிறேன்.
இதுவரை கொட்டு வாங்கவில்லை.

எட்டு வாரத்தில் எடை குறைக்கும் புத்தகம்.
ஐந்தாம் வாரத்தின்மேல்
விரல் அகலத்துக்குக் காய்ச்சிய பாலின் இனிப்புக் கறை.
அந்தப் புத்தகத்தில் நான் நம்பியது
அந்தக் கறையை மட்டும்.

கவிதைத் தொகுப்பு ஒன்றும் வந்தது, ஒல்லியாக.
இஸ்திரி மெஷினை நிறுத்திவிட்டு
வால்டெமார் உரக்கப் படித்தான்.
நிலா. மறுபடி நிலா.
மூன்றாவது நிலாவில்
போதுமப்பா, நீராவியை விடு என்றேன்.
வீட்டுக்குக் கொண்டுபோனதும் நான்தான்.
நாற்பத்தோராம் பக்கத்தில்
அப்பாவின் செருப்பு அளவு மறந்துபோனதைப் பற்றி
நான்கு வரி.
அந்தப் பக்கத்தைக் கிழித்து
என் பெட்டகக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன்.
திருட்டுத்தான். யாரிடமும் சொல்ல வேண்டாம்.

பிறகு அந்தத் துப்பறியும் நாவல்.
மூன்றாம் வார்டு, பதினான்காம் கட்டில்,
இரினேயோ பாசாதோனே.
ஓரமெல்லாம் பென்சில்:
பொய்.
இவள் ஏன் விளக்கை அணைத்தாள்?
தோட்டக்காரன், தோட்டக்காரன்!
இருநூற்றுப் பன்னிரண்டில் ஒரு பஸ் டிக்கெட்.
அதற்குப் பிறகு பக்கங்கள் வெள்ளை வெளேர்.

ஒரு வாரம் அந்த டிக்கெட்டைத் தாண்டவில்லை நான்.
ஒரு மனிதர் நின்ற இடத்தை
நாற்பது நிமிடத்தில் கடந்து போவதா?
எட்டாம் நாள்
பச்சை அங்கிகள் சுழன்றுகொண்டிருக்கும்போது
தாண்டிவிட்டேன்.

அடுத்த பக்கத்தில் கப்பலிலிருந்து இறங்குகிறான்
கொலையானவனின் இரட்டைச் சகோதரன்.
இருநூறு பக்கம் கதவோரம் நின்ற தோட்டக்காரனை
யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
பேச்செல்லாம் வழவழவென்று,
சோப்பு அலசாத துணி மாதிரி.
ஐயா, நீங்கள் தப்பித்தீர்கள்
என்று நினைத்தேன்.
நினைத்ததற்கு வெட்கப்பட்டேன்.
மறுபடியும் அதையே நினைத்தேன்.

சலவைச் சீட்டு எழுதும் பென்சிலால்
இருநூற்றுப் பதின்மூன்றின் ஓரத்தில் எழுதினேன்:
பொய்.
கடைசிப் பக்கத்தில்:
தோட்டக்காரன்தான். நீங்கள் சொன்னதே சரி.

நாற்பத்துமூன்றாம் நாள் மகள் வந்தாள்.
ஆற்றங்கரைக் காற்றில் தலை கலைந்து,
தாமதத்துக்கு மூன்று முறை மன்னிப்புக் கேட்டு.
பக்கங்களைப் புரட்டினாள்.
இரண்டு கையெழுத்தையும் பார்த்தாள்.
யாருடையது என்று கேட்கவில்லை.

நன்றாக இருந்ததா? என்றாள்.
இருநூற்றுப் பன்னிரண்டு வரை என்றேன்.

டிக்கெட்டை மட்டும் எடுத்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு
புத்தகத்தை என்னிடமே தந்துவிட்டுப் போனாள்.
உலர்த்தி மணி அடித்தது.
போர்வைகள், நூற்று இருபது.

அடுத்தது ஒரு சமையல் புத்தகம்,
உப்பில்லாத சமையல்.
முன்னுரை நாலு பக்கம் முடிந்திருக்கிறது.
இப்போதே தண்ணீர் தவிக்கிறது.